எட்டுக் கால் ஐசி

ரிச்சி தெருவுக்கு வருபவர்கள் பார்ப்பது கீழ்த்தளக் கடைகளைத்தான். சார்ஜர், கேபிள், சிசிடிவி கேமரா, ரேம், எஸ்எஸ்டி எனக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்து விற்கும் கடைகள். இரண்டு கடைகளுக்கு நடுவே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டுகள் உண்டு. அவற்றில் ஏறிப் போனால்தான் இந்தத் தெருவின் கைத்தொழில் கண்ணுக்குத் தெரியும். அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர்ஸ் சாலை என்று பரந்திருக்கும் மொத்தச் சந்தைக்கும் ரிச்சி தெரு என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டது. வானொலி, டிவி உதிரிபாகங்கள் விற்ற காலத்திலிருந்தே இங்கே பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று அவர்களில் பலர் லேப்டாப் போர்டுகளில் ‘சிப் லெவல்’ வேலை பார்க்கிறார்கள். போர்டையே மாற்றாமல், அதில் கெட்டுப்போன ஒரு ஐசியை, ஒரு கெப்பாசிட்டரைக் கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றுகிற வேலை.

அந்த வேலையில் ஒரு பிரிவு எனக்கு நெடுநாளாக வியப்பளிப்பது. கணினியை எழுப்பும் ஆரம்ப மென்பொருளான பயாஸின் அப்டேட் பாதியில் நின்றுபோய் ஆன் ஆகாமல் கிடக்கும் லேப்டாப்பை மீட்பது. தண்ணீர் பட்ட போர்டில் துரு இருக்கும். ஷார்ட் ஆன போர்டில் ஏதோ ஒரு பாகம் சுடும், கருகியிருக்கும். அப்டேட்டில் நின்ற போர்டில் உடைந்தது, கருகியது, தேய்ந்தது எதுவும் கிடையாது. எல்லாப் பாகமும் நல்ல பாகம். உள்ளே எழுதியிருந்தது மட்டும் சிதைந்துவிட்டது. அதைப் படித்துத் திருத்தும் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

நான் படியேறிப் போன அறையில் மூன்று பெஞ்சுகள். நடுப் பெஞ்சில் உட்காருபவர் திண்டிவனம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுத் தொண்ணூறுகளின் கடைசியில் இந்தத் தெருவுக்கு வந்தவர். ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பவர் ஒரு பெண். ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 2014இல் அது மூடப்பட்டதும் ஊருக்குத் திரும்பாமல், போர்டு வேலையைக் கற்றுக்கொண்டு இங்கே சேர்ந்துவிட்டார். ஹாட் ஏர் பிடிப்பதில் இந்த மாடியில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பக்கத்து அறைக்காரர்களே சொன்னார்கள். மூன்றாவது பெஞ்ச், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை பழகும் பையனுக்கு. அங்கே வருகிற எல்லோரும் அண்ணன், அக்கா, தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர்களும் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு மாணவி லேப்டாப் பையோடு படியேறி வந்தார். சொந்த ஊர் ஆம்பூர். சென்னையில் விடுதியில் தங்கி இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறார்.

“என்னம்மா ஆச்சு?”

“அப்டேட் ஆகிட்டிருந்துச்சுண்ணா. திடீர்னு ஸ்கிரீன் கருப்பாயிடுச்சு. ஃபேன் மட்டும் வேகமா சுத்துச்சு. ரொம்ப நேரம் பாத்தேன், ஒண்ணுமே வரல. ஹேங் ஆயிடுச்சுன்னு பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டேன்.”

“நீயா தேடிப் போய் அப்டேட் போட்டியா?”

“இல்லண்ணா. ஷட்டவுன் பண்ணத்தான் போனேன். ‘அப்டேட் அண்ட் ஷட்டவுன்’னு இருந்துச்சு. அதைத்தான் அழுத்தினேன்.”

கம்பெனி சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வாரன்டி முடிந்துவிட்டது. அவர்கள் கேட்ட தொகை, லேப்டாப் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியது. புராஜெக்ட் முழுவதும் அதற்குள் இருக்கிறது என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

இதில் அந்தப் பெண்ணின் பிழை என்று ஒன்றும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு காலத்தில் பயாஸ் அப்டேட் என்பது விவரம் தெரிந்தவர்கள் கம்பெனியின் இணையதளத்தில் தேடி எடுத்து, பயந்து பயந்து செய்கிற காரியம். இன்று விண்டோஸ் அப்டேட்டே மற்ற அப்டேட்டுகளோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து இறக்குகிறது. ‘கேப்ஸ்யூல்’ என்ற வடிவில் வரும் அந்தப் பொதியை டிஸ்க்கின் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு விண்டோஸ் ஒதுங்கிக்கொள்ளும். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸே அதை எடுத்துத் தன்னைத்தானே திருத்தி எழுதிக்கொள்ளும். சில மாடல்களில் அப்போது சதவீதக் கோடு ஓடும். சில மாடல்களில் இடையிடையே திரை அணைந்து, ஃபேன் மட்டும் முழு வேகத்தில் சுற்றும். எவ்வளவு நேரம் ஆகும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லாமல் ஒரு கருப்புத் திரையைக் காட்டிவிட்டு, பட்டனை அழுத்தியவரைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

அப்டேட்டே வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளியே தெரிந்தபோது, அவற்றில் சிலவற்றை அடைக்கத் தேவையான மைக்ரோகோடு பெரும்பாலும் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. அதிலும் முதலில் வந்த திருத்தத்தால் சில கணினிகள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்க, அதே மாதம் 22ஆம் தேதி அதைக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி இன்டெல் நிறுவனமே அறிவித்தது. போடாமல் இருப்பதும் ஆபத்து, போடுவதிலும் ஆபத்து.

அண்ணன் முதலில் ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை ஒரு நிமிடம் போல அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அதற்குள் தம்பி ஒரு பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து, அந்த மாடலுக்கான பயாஸ் ஃபைலைக் கம்பெனி சொல்லும் பெயரில் மாற்றிப் போட்டான். பல லேப்டாப்களில் இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு மீட்பு வழி வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் விண்டோஸ் கீயையும் பி-யையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பவர் கொடுக்க வேண்டும். சிலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தியபடியே சார்ஜர் பின்னைச் செருக வேண்டும். பயாஸின் ஆரம்பப் பகுதி பிழைத்திருந்தால் அது பென்டிரைவைத் தேடிப் படித்து மீதியை எழுதிக்கொள்ளும்.

“வர்றதுல பல லேப்டாப் இதுலேயே எழுந்துடும் சார். கழற்றவே தேவையிருக்காது. அதனால இதைப் பாக்காம போர்டைத் தொட விட மாட்டேன்,” என்றார் அண்ணன்.

இந்த லேப்டாப் எழவில்லை. பவர் விளக்கு எரிந்தது, கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. பென்டிரைவின் விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை விடுவித்தார்கள். பிறகு போர்டை டிசி பவர் சப்ளையில் மாட்டினார் அண்ணன். 19 வோல்ட். பட்டனைத் தட்டியதும் ஆம்பியர் காட்டும் எண் கொஞ்சம் ஏறி, ஓரிடத்தில் நின்றுவிட்டது. நல்ல போர்டாக இருந்தால் பிராசஸர் விழித்து, ரேமைத் தேடி, டிஸ்பிளேவைத் தேடி வேலை செய்யச் செய்ய அந்த எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஷார்ட் இருந்தால் சப்ளையே கட் ஆகும். நின்ற இடத்திலேயே எண் நின்றால் அவர் பார்வை பயாஸ் பக்கம் திரும்பும்.

“கரன்ட் எல்லா இடத்துக்கும் போயிருக்கு. கோடு ஓடல.”

இருந்தாலும் அந்த முடிவை அவர் நம்பிவிடவில்லை. மீட்டரை எடுத்து ஒவ்வொரு காயிலிலும் வோல்டேஜ் பார்த்தார். பிறகு ஆசிலோஸ்கோப்பின் முனையைப் பயாஸ் ஐசியின் முதல் காலில் வைத்தார். அந்தக் காலில்தான் ‘உன்னைப் படிக்கப் போகிறேன்’ என்று சிப்செட் சைகை கொடுக்கும். பட்டனைத் தட்டியதும் திரையில் கோடுகள் துள்ளின, சில கணத்தில் அடங்கின. சிப்செட் கேட்கிறது, ஐசியும் பதில் தருகிறது, அந்தப் பதிலில் பொருள் இல்லை. இப்போதுதான் அக்கா பக்கம் போர்டைத் தள்ளினார்.

அந்த ஐசிக்கு எட்டுக் கால். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு மூலையில் முதல் காலைக் காட்டும் புள்ளி இருக்கும். 16 எம்பி கொள்ளளவு. ஒரு திரைப்படப் பாடலை நல்ல தரத்தில் வைத்தாலே இடம் நிறைந்துவிடும் அளவு. அந்த லேப்டாப் எழுந்து நின்று விண்டோஸைத் தேடிப் போவதற்கான வழி அத்தனையும் அதற்குள் இருக்கிறது. இந்த வகை ஃபிளாஷ் மெமரியில் எழுத்தை நேராக மாற்றி எழுத முடியாது. பழைய எழுத்தைத் துடைத்துவிட்டுத்தான் சிலேட்டில் எழுதுவோம் இல்லையா, அதே முறை. குறைந்தபட்சம் 4 கேபி கொண்ட ஒரு கட்டத்தை முழுதாக அழிக்க வேண்டும். அழித்த இடம் முழுக்க எஃப்எஃப் என்று இருக்கும். பிறகுதான் புதியது ஏறும். அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் மின்சாரம் போனால், அந்த இடத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அக்கா ஐசியின் மேல் ஒரு சொட்டு ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) விட்டுத் துடைத்து, மைக்ராஸ்கோப்பில் அதன் எண்ணைப் படித்தார். தம்பியைக் கூப்பிட்டு அவனையும் படிக்க வைத்தார். 25க்யூ128 என்பதற்குப் பிறகு வரும் இரண்டு எழுத்துகள் ஜே.வி.யா, ஜே.டபிள்யூ.வா? ஜே.வி. என்றால் 3.3 வோல்ட், ஜே.டபிள்யூ. என்றால் 1.8 வோல்ட். 1.8 வோல்ட் ஐசிக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் அது போய்விடக்கூடும். உள்ளே எஞ்சியிருப்பதும் அதோடு போகும். தம்பி ஜே.வி. என்றான். அக்கா தலையாட்டிவிட்டு, ஐசியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கனெக்டர்கள் மேல் மஞ்சள் கேப்டான் டேப்பை ஒட்டினார்.

“கிளிப் மாட்டி போர்டுலேயே படிக்கலாமேக்கா, எதுக்குக் கழற்றணும்?” என்று கேட்டான் தம்பி.

“படிக்கலாம். கிளிப் வழியா நீ குடுக்கிற 3.3 வோல்ட் ஐசியோட நிக்காதுடா. அந்த லைன்ல இருக்கிற எல்லாத்துக்கும் போகும். சிப்செட் அரைத் தூக்கத்துல எழுந்து அதுவும் ஐசியைப் படிக்கப் பார்க்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல படிச்சா வர்ற ஃபைலை நீ நம்புவியா?”

ஃப்ளக்ஸ் வைத்து, ஹாட் ஏரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுற்றினார். எட்டுக் காலின் ஈயமும் ஒன்றுபோல் பளபளத்த நொடியில் ட்வீசரால் தூக்கினார். அவர் இழுக்கவே இல்லை. ஈயம் விட்டதும் ஐசி தானே வந்தது. ஈயம் உருகும் முன் அவசரப்பட்டு இழுத்தால் போர்டில் இருக்கும் தாமிரப் பேடு பிய்ந்து வரும், பிறகு தலைமுடி கனத்துக்கு ஜம்பர் கம்பி இழுக்க வேண்டியிருக்கும் என்றார். பிறர் அப்படிப் பிய்த்த போர்டுகள் ஓர் அட்டைப் பெட்டி நிறைய அவரிடம் இருக்கின்றன.

படிக்கும் கருவி மலிவானது. சிஎச்341ஏ என்ற சீன ஐசியை வைத்துச் செய்த சின்ன கறுப்புப் பலகை. யுஎஸ்பியில் செருகினால் போதும். பரவலாக விற்கும் அந்தக் கறுப்புப் பலகையில் ஒரு குறை உண்டு. ஐசிக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் சைகை செல்லும் கம்பிகளில் 5 வோல்ட் வந்துவிடும். அண்ணனிடம் இருந்த பலகையில் ஐசியின் ஒரு கால் தூக்கப்பட்டு, அங்கே ஒரு மெல்லிய கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது. வாங்கிய கருவியையே முதலில் பழுது பார்த்துவிட்டுத்தான் தொழிலுக்கு எடுத்திருக்கிறார்.

முதல் தடவை படித்து ஒரு ஃபைல். ஐசியைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து மறுபடி வைத்து, மறுபடி படித்து இன்னொரு ஃபைல். இரண்டும் 1,67,77,216 பைட் இருக்க வேண்டும், ஒரு பைட்கூட வேறுபடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றே என்று உறுதியானதும், மாடல், போர்டு எண், தேதி, ‘ஒரிஜினல்’ என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமித்தான் தம்பி. அந்த ஃபோல்டரில் இப்படிப் படித்தெடுத்த பல வருடத்து ஃபைல்கள், அதாவது டம்ப்கள், இருக்கின்றன. அவற்றைத் திறந்து திருத்த யாருக்கும் அனுமதி இல்லை. பிரதி எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

இந்தத் தொழிலின் சாரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எழுதத் தெரிந்தவர்கள் தெருவில் நிறையப் பேர். எங்கிருந்தோ ஒரு ‘பின் ஃபைல்’ எடுத்து அப்படியே ஐசியில் ஏற்றினால் லேப்டாப் ஆன் ஆகத்தான் செய்யும். ஆனால் அது வேறொரு லேப்டாப்பாக எழுந்து வரும். அந்த 16 எம்பிக்குள் இந்த இயந்திரத்தின் சீரியல் நம்பர், யுயுஐடி என்ற தனி அடையாள எண், விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் லேப்டாப்களில் விண்டோஸ் லைசென்ஸ் சாவி, சில போர்டுகளில் லேன் முகவரி எல்லாம் இருக்கின்றன. அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கும், கம்பெனி தளத்தில் சீரியல் பொருந்தாது. ஆகவே முதலில் படிப்பவரே நல்ல மெக்கானிக்.

ஹெக்ஸ் எடிட்டரில் டம்பைத் திறந்து காட்டினார் அண்ணன். முதல் 16 பைட் எஃப்எஃப். அதற்கடுத்து 5ஏ ஏ5 எஃப்0 0எஃப். இன்டெல் போர்டுகளில் இந்த நான்கு பைட் அந்த இடத்தில் இருந்தால், ஃபைலின் வரைபடமான டிஸ்கிரிப்டர் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். எந்த முகவரியில் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் மேனேஜ்மென்ட் எஞ்சினின் பகுதி, எந்த முகவரியில் பயாஸ் பகுதி என்று அது சொல்லும். கீழே உருட்டிக்கொண்டே போனார். எண்களும் எழுத்துகளுமாக நெருக்கமாக ஓடிய திரை ஓரிடத்தில் சட்டென்று எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப் என்று ஆகிவிட்டது. பக்கம் பக்கமாக அதேதான். மறுபடி எழுத்துகள் தொடங்கிய இடத்தில் பழைய பயாஸின் தேதி தெரிந்தது.

“இந்த இடத்துலதாம்மா நீ பட்டனை அழுத்தியிருக்க,” என்று அந்த முகவரியைச் சுட்டிக்காட்டினார். மாணவி திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். தன் லேப்டாப்புக்கு என்ன ஆனது என்று முதல்முறையாக ஒருவர் அவருக்குக் காட்டுகிறார். சர்வீஸ் சென்டரில் கிடைக்காத மரியாதை அது.

சீரியல் நம்பர் இருக்கும் பகுதி பிழைத்திருந்தது. மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியும் பாதி எழுதிய நிலையில் இருந்தது. அதைச் சுத்தமான ஒன்றால் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் போர்டு எழவே எழாமல் போகலாம், எழுந்தாலும் அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடலாம். இந்த இடத்தில் அண்ணன் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

“பிட்லாக்கர் ரெக்கவரி கீ வச்சிருக்கியாம்மா?”

அப்படி ஒன்று இருப்பதே மாணவிக்குத் தெரியவில்லை. இப்போது வரும் பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தவுடனேயே டிஸ்க் பிட்லாக்கர் முறையில் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. பூட்டைத் திறக்கும் ரகசியம் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். பல இன்டெல் லேப்டாப்களில் அந்த டிபிஎம் இருப்பதே மேனேஜ்மென்ட் எஞ்சினுக்குள்தான். அந்தப் பகுதியைச் சுத்தம் செய்தால் ரகசியமும் போகும், விண்டோஸ் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். அது இல்லையென்றால் புராஜெக்ட் உட்பட எதுவும் கிடைக்காது. சாவி கைக்கு வரும்வரை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மாணவியின் மைக்ரோசாஃப்ட் கணக்கை உண்டாக்கியது லேப்டாப் விற்ற ஆம்பூர்க் கடைக்காரர். அவரை அழைத்துக் கேட்டதில், அப்பாவின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கு போட்டதாகச் சொன்னார். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். உள்ளே போகும்போது கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில்தான் ஓடிபி பார்த்துச் சொல்ல முடியும். ஐசி சாக்கெட்டில் அப்படியே இருக்க, எல்லோரும் காத்திருந்தோம்.

அந்த நேரத்தில் அண்ணன் பழைய கதைகளைச் சொன்னார். அவர் இந்தத் தெருவில் வேலை பழகிய காலத்தில் 1999 ஏப்ரல் 26 வந்தது. தைவானில் தாத்துங் பல்கலைக்கழக மாணவர் சென் இங்-ஹாவ் முந்தைய ஆண்டு எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்து, டிஸ்கில் இருந்ததை அழித்ததோடு சில வகைப் போர்டுகளின் பயாஸிலும் குப்பையை எழுதியது. அப்போது பயாஸ் ஐசிக்கு 32 கால். பெரும்பாலும் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். ஐசியில் எழுதும் ரைட்டர் கருவி வாங்கப் பணமில்லாதவர்கள் அதே மாடல் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை ஆன் செய்வார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் ஐசியைப் பிடுங்கிவிட்டு, கெட்ட ஐசியை அங்கே செருகி, அதில் எழுதுவார்கள். ஆன் ஆன பிறகு பயாஸ் ரேமுக்குப் போய்விடுவதால் கம்ப்யூட்டர் அணையாது. அவருடைய குரு இப்படித்தான் செய்தாராம்.

கெடுப்பதற்கு வைரஸ்தான் வர வேண்டும் என்பதில்லை. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் பதிப்பில், பயாஸ் ஐசியைத் தொடும் இன்டெல் எஸ்பிஐ டிரைவரால், பல லெனோவோ மாடல்களிலும் வேறு சில லேப்டாப்களிலும் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போனது. டிசம்பரில் அந்தப் பதிப்பின் தரவிறக்கத்தையே நிறுத்தினார்கள். உலகத்தின் திறமையான மென்பொருள் ஆட்களாலும் இந்த எட்டுக் கால் ஐசியைத் தெரியாமல் தொட்டுவிட முடியும்.

கைவிட வேண்டிய போர்டுகளும் உண்டு. இன்டெல் 2013இல், நான்காம் தலைமுறை பிராசஸரோடு பூட் கார்டு என்ற காவலைக் கொண்டுவந்தது. கம்பெனியின் கையொப்பத்துக்குரிய அடையாளம் சிப்செட்டிலேயே அழிக்க முடியாதபடி பதிந்துவிடும். ஐசியில் இருக்கும் ஆரம்பப் பகுதி அந்தக் கையொப்பத்தோடு பொருந்தாவிட்டால், அந்தக் காவலைக் கடுமையாக வைத்திருக்கும் போர்டு எழுந்திருக்காது. பயாஸை யாரும் கள்ளத்தனமாக மாற்றி எழுதாமல் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையொப்பமிட்ட சரியான ஃபைலைக் கம்பெனிகள் முழுதாக வெளியிடுவதில்லை. பயாஸ் பகுதி மட்டும் அப்டேட் பொதியில் கிடைக்கும். மீதியை மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். போர்டின் சர்க்யூட் படமும் அப்படித்தான் கைமாறுகிறது. எங்கோ கசிந்த படத்தை வைத்துக்கொண்டு ஒரு தொழிலே நடக்கிறது.

2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கு வழிமுறை வகுக்க ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “அந்தத் தளத்துல இந்த போர்டோட படம் கிடைக்குமா சார்?” கம்பெனிகள் சர்வீஸ் படத்தையும் முழுப் பயாஸ் ஃபைலையும் விலைக்காவது கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஐசியில் எழுத்து கெட்டதற்காக ஒரு முழு மதர்போர்டைக் குப்பைக்கு அனுப்புவது பணத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு.

மதியம் அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஓடிபி சொன்னார். மாணவி கைப்பேசியில் கணக்கைத் திறந்தார், சாவி இருந்தது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். தம்பி அதை ஜாப் கார்டின் பின்னால் எழுதி, இரண்டு முறை சரிபார்த்தான்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. கம்பெனி தளத்தில் இருந்த அப்டேட் பொதியைப் பிரித்துப் பயாஸ் பகுதியை எடுத்து, டிஸ்கிரிப்டர் சொன்ன முகவரியில் பொருத்தினார் அண்ணன். பழைய டம்பிலிருந்து சீரியல், லைசென்ஸ் இருந்த பகுதியை அதன் இடத்தில் வைத்தார். அதே பதிப்பின் சுத்தமான எஞ்சின் பகுதியைச் சேர்த்தார். அழித்து, எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டார்கள். அக்கா ஐசியைப் புள்ளி பார்த்து வைத்துப் பற்றவைத்தார்.

பவர் கொடுத்ததும் ஃபேன் சுற்றியது. திரை கருப்பு. ஆம்பியர் எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒருமுறை தானாகவே அணைந்து ஆன் ஆனது. மாணவியின் கை தன்னையறியாமல் பட்டன் பக்கம் போனது.

“தொடாதம்மா. புது பயாஸ் இல்லையா, ரேமை முதல்லேருந்து அளந்து பழகுது. லேட்டாகும். எண் ஆடுது பாரு, வேலை செய்யுது.”

கம்பெனி லோகோ வந்தது. அண்ணன் முதலில் பயாஸ் செட்டப்பைத் திறந்து, சீரியல் நம்பர் அடிமூடி ஸ்டிக்கரோடு பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தியது. விண்டோஸ் நீலத் திரையில் சாவியைக் கேட்டது. மாணவி படிக்கப் படிக்கத் தம்பி அடித்தான். டெஸ்க்டாப் வந்ததும் புராஜெக்ட் ஃபோல்டரைப் பென்டிரைவில் ஏற்றச் சொன்னார் அண்ணன். அது முடியும்வரை மூடியைப் போட விடவில்லை.

“அதே அப்டேட் மறுபடி வருமாண்ணா?” என்று கேட்டார் மாணவி.

“வராது. அந்தப் புது வெர்ஷனைத்தான் எழுதியிருக்கேன். அடுத்த வெர்ஷன் வரும், போட்டுக்கோ. சார்ஜர் மாட்டியிருக்கணும், பேட்டரி பாதிக்கு மேல இருக்கணும். ஸ்கிரீன் கருப்பானா ஒரு மணி நேரம் ஆனாலும் பட்டனைத் தொடாதே. அதுக்கப்புறமும் வரலைன்னா எனக்கு போன் பண்ணு.”